நாலு செல், இருபது மீட்டர் கம்பி

அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ரிக் வாங்கலாம் சார்?" நான் அதற்குப் பதில் சொல்வதே இல்லை. "எதை வேண்டுமானாலும் வாங்குங்க. பேட்டரி என்ன, ஆன்டெனா என்ன, முதல்ல அதைச் சொல்லுங்க" என்பேன். கேட்டவர் முகம் சுருங்கிப்போகும். பளபளக்கும் திரையும் குமிழ்களும் உள்ள பெட்டியைப் பற்றிப் பேச ஆசையாக வந்தவரிடம் செல்லையும் ஒயரையும் பற்றி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் தோளில் பையை மாட்டிக்கொண்டு மலையேறி, கரன்ட் கம்பம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் உட்கார்ந்து, கண்டம் தாண்டிப் பேசுகிற போதை ஒன்று இருக்கிறதே, அதை ருசித்தவன் அடித்துச் சொல்கிறேன். அந்தப் போதையில் ரேடியோவின் பங்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நாலு செல்லுக்கும் இருபது மீட்டர் கம்பிக்கும் சேர வேண்டியது.

என்னிடம் இருப்பது யேஸு எஃப்.டி.817. இன்னொரு ஹாமிடமிருந்து (அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அதுதான் பேர்) கைமாறி வந்த பழைய ரிக். அகலம் பதின்மூன்றரை சென்டிமீட்டர், உயரம் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. முழுச் சக்தியே 5 வாட்தான். "ஐந்து வாட்டா!" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 5 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் சக்தி இருபது மடங்கு. டெசிபலில் சொன்னால் 13. நம் எதிர்முனையில் கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஆக, இருபது மடங்கு சக்தியைக் கொட்டினாலும் அவர் மீட்டரில் ஏறுவது இரண்டு படியும் சொச்சமும். 100 வாட்காரர் '59' என்று ரிப்போர்ட் வாங்கும் இடத்தில் நான் '57' வாங்குவேன் (இரண்டாவது இலக்கம்தான் மீட்டர் படி). பேச்சு அப்படியே தெளிவாகப் போய்ச் சேரும். இந்த இரண்டு படியை மோசமான ஓர் ஆன்டெனா சத்தமில்லாமல் விழுங்கிவிடும். வீட்டு மின்சாரத்தில் ஊறிக்கிடக்கும் இரைச்சலோ நாலைந்து படியை விழுங்கும்.

அந்த இரைச்சலைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நகரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில், 7 மெகாஹெர்ட்ஸில் ரேடியோவைத் திறந்தால் மீட்டர் 7-ல் ஏறி அங்கேயே நிற்கும். பேசுவதற்கு யாரும் இல்லாதபோதே அப்படி. எல்.இ.டி. பல்பின் டிரைவர், இன்வெர்ட்டர், போன் சார்ஜர், பக்கத்து வீட்டு டி.வி. பெட்டியின் அடாப்டர், எல்லாம் கூடி ஓதுகின்றன. அதே ரேடியோவை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஓரம் வைத்துத் திறந்தபோது மீட்டர் எழவே இல்லை. ரேடியோ செத்துவிட்டதோ என்று குமிழைத் திருப்பினால், கிணற்றடியில் பேசுவதுபோல ஒரு குரல் மேலே வந்தது. ஆறு படி இரைச்சல் குறைந்தால் 36 டெசிபல். சக்தியில் அது நாலாயிரம் மடங்கு! எந்தக் கம்பெனியின் எந்த விலையுயர்ந்த ரிக்கும் வாங்கித் தர முடியாத முன்னேற்றம் இது. பேருந்து டிக்கெட் விலையில் கிடைக்கிறது.

ஆனால் அந்த நிசப்தத்தைக் கெடுக்காத மின்சாரம் வேண்டும். அதனால்தான் பேட்டரியில் ஆரம்பிக்கிறேன்.

ஹாம் ரேடியோக்கள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஓடுகிற காரின் மின்சாரம் அதை ஒட்டித்தான் இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜில் மிதக்கவிடும் அளவும் அதுதான். 15 சதவீதம் கூடக் குறைய இருந்தால் பெரும்பாலான ரிக் தாங்கும். என் 817 தாராளம். 8-லிருந்து 16 வோல்ட் வரை ஏற்கும். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகமெங்கும் பேர்வாங்கிய பிட்எக்ஸ் வகை ரேடியோக்களைச் சாலிடரிங் அயர்னோடு தாங்களே கட்டிக்கொள்பவர்களுக்கும் இதே 12 வோல்ட் குடும்பம்தான். அதனால் ரிக் எதுவானாலும் பேட்டரிக் கணக்கு மாறுவதில்லை.

வீட்டு மேசைக்கு எஸ்.எம்.பி.எஸ். போதும், தப்பில்லை. சென்னை ரிச்சி தெருவில் சி.சி.டி.வி. கேமராவுக்கும் எல்.இ.டி. பட்டைக்கும் விற்கிற, ஓட்டை ஓட்டையாகத் தகரம் போர்த்திய 12 வோல்ட் பெட்டியை வாங்கி, ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி 13.8-க்கு ஏற்றி ஓட்டுகிற ஹாம்கள் நிறையப் பேர். சில பெட்டி சாதுவாக இருக்கும். சில பெட்டி பேண்ட் முழுக்கப் புழுப்புழுவென்று இரையும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, பெட்டியைச் சும்மா பக்கத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். சத்தம் ஏறினால் அந்தப் பெட்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளை கல்லாகக் கனக்கும், ஆனால் வாய் திறக்காது. எங்காவது மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

மலைக்கு எடுத்துப் போக யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் பலருக்கும் முதலில் தோன்றும். எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதன் மேல் எழுதியிருக்கும் 7 என்பது இருபது மணிநேரம் நிதானமாக உறிஞ்சினால் கிடைக்கிற கணக்கு. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு தராது. பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுளும் போச்சு. பேசப் பேச வோல்ட் இறங்கிக்கொண்டே வரும்.

லேப்டாப் செல்களைக் கோத்த லித்தியம்-அயான் பேக்கும் உண்டு. மூன்று செல் கோத்தால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், சீக்கிரமே 11-க்கு வந்து நிற்கும், ரேடியோ சோர்ந்துவிடும். நாலு கோத்தால் 16.8; 817-இன் எல்லையைத் தாண்டிவிடும். இப்படி அகப்பட்டும் அகப்படாமலும் இருப்பதைப் பார்த்துத் திண்டாடிக்கொண்டிருக்கும்போதுதான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வருகிறது.

ஐயா, அந்த செல்லைச் செய்தவருக்குக் கோயில் கட்டலாம்! ஒரு செல் 3.2 வோல்ட். நாலைத் தொடராகக் கோத்தால் 12.8. சார்ஜர் 14.6 வரை ஏற்றும். சார்ஜரைக் கழற்றியதும் 13.3 பக்கம் வந்து அமர்ந்துகொள்ளும். அங்கிருந்து அசையாது. பாதி காலியானாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில்தான் சடசடவென்று விழும். 13.8-க்குச் செய்த ரேடியோவுக்கு இவ்வளவு பொருந்துகிற வேதியியல் எப்படித்தான் அமைந்ததோ! மற்ற லித்தியம் செல்களைப் போலச் சட்டென்று தீப்பிடிக்கும் பயமும் குறைவு. ஒழுங்காக நடத்தினால் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏறி இறங்கும்.

சோலார் தெருவிளக்குகளுக்குள்ளே 32700 என்ற உருளை செல் இருக்கும். 32 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், 6 ஆம்பியர்-அவர், எடை ஏறத்தாழ 140 கிராம். நாலு செல், அவற்றைக் காவல் காக்க ஒரு 4எஸ் பி.எம்.எஸ். பலகை, ஸ்பாட் வெல்டிங் செய்துதர பேட்டரி பேக் கட்டும் கடைக்காரர் ஒருவர். வேலை முடிந்தது. பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோகூட வராது. செல்லின் மேல் நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள். அந்தச் சூடு செல்லுக்கு ஆகாது. சார்ஜர் மட்டும் இந்த வகைக்கென்றே செய்த 14.6 வோல்ட் சார்ஜராக இருக்கட்டும். லெட்-ஆசிட் சார்ஜர்களில் சில, பேட்டரியைத் தட்டி எழுப்புவதாக நினைத்துக்கொண்டு வோல்ட்டை ஏற்றி இறக்கும். அந்த வைத்தியம் இங்கே வேண்டாம்.

6 ஆம்பியர்-அவர் எத்தனை நேரம் வரும்? 817 கேட்கும்போது எடுப்பது 0.45 ஆம்பியர், பேசும்போது 2 ஆம்பியர். நாலில் ஒரு பங்கு நேரம் நான் பேசுகிறேன், மிச்ச நேரம் கேட்கிறேன் என்று வையுங்கள் (என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்). சராசரி 0.84 ஆம்பியர். ஏழு மணிநேரம்! அதுவும் குரலில் பேசும்போது எல்லா நொடியும் 2 ஆம்பியர் இழுப்பதில்லை. வார்த்தைக்கு வார்த்தை ஏறி இறங்கும். காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை பேட்டரி பற்றிய நினைப்பே வராது. 20 வாட் ரிக் வைத்திருப்பவர்கள் செல்லை இரட்டிப்பாக்கிக்கொள்ளட்டும். அப்போதும் அந்த 7 ஆம்பியர்-அவர் யு.பி.எஸ். பேட்டரியைவிட இது இலேசுதான்.

பவர் பேங்க் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். டைப்-சி பி.டி. வழியாக 15 வோல்ட் எடுக்கலாம்தான். ஆனால் அதற்குள்ளே சின்னதாக ஒரு மாற்றி ஓடிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு தூரம் மலையேறி வந்தோம்?

பேட்டரியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒயரை யாருமே மதிப்பதில்லை. 5 ஆம்பியர் இழுக்கும் ரிக்குக்கு, இரண்டு மீட்டர் நீளத்துக்கு அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் போக வரச் சேர்த்து 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்கூடப் போகாது. ஃப்யூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்க வேண்டும்; ரேடியோப் பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கைதான் பார்க்கும். சின்ன பேட்டரிதானே என்று நினைக்க வேண்டாம், ஒயரைப் பழுக்கக் காய்ச்சும் அளவுக்கு ஆம்பியரைத் தள்ளும். இணைப்புக்கு ஆண்டர்சன் பவர்போல். சிவப்பும் கறுப்பும் ஒட்டி நிற்கும், ஆண் பெண் பேதமில்லை, எதோடும் எது சேரும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்து ரேடியோவைப் புகையவிடும் வாய்ப்பே அநேகமாகப் போய்விடும். ஊரிலுள்ள ஹாம்கள் எல்லோரும் இதையே போட்டிருந்தால் ஒருவர் பேட்டரியை இன்னொருவர் ரிக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

இந்த ஒற்றுமையின் அருமை சாதாரண நாளில் தெரியாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. அபூர்வமான இடத்திலிருந்து வரும் சிக்னல் என்று எல்லோரும் முண்டியடித்த கொண்டாட்டம் அது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்த தீவுகளிலிருந்து உறவினருக்கும் அதிகாரிகளுக்கும் செய்தி சொன்னவை அந்த ரேடியோக்கள்தாம். விளையாட்டாகக் கற்றுக்கொண்ட கைப்பழக்கம் ஒரே இரவில் வேறு வேலைக்கு வந்துவிட்டது.

சரி, ஆன்டெனா. இங்கே வந்ததும் என் குரல் தானாக ஏறிவிடும்.

புதியவர்கள் மயங்குவது ரேடியோவின் முதுகில் சொருகுகிற ஒரு மீட்டர் விப் ஆன்டெனாவில். பார்க்க அழகு, பையில் அடங்கும். 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் நாற்பது மீட்டருக்கு மேல். அதற்கு முன்னால் அந்தக் குச்சி என்ன செய்யும்? அடியில் சுருள் போட்டு ஏமாற்றி ட்யூன் செய்கிறார்கள். நம் ஐந்து வாட்டில் பெரும்பகுதி சுருளில் சூடாகிப் போய்விடும், காற்றில் ஏறுவது ஏதோ மிச்சம். ஆட்டோ ட்யூனர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ட்யூனர் ரேடியோவைச் சமாதானப்படுத்தும்; ஆன்டெனாவைப் பெரிதாக்காது.

கம்பியைக் கட்டுங்கள். சாதாரண அரை அலை டைபோல். அதன் நீளத்துக்கு ஒரே ஒரு கணக்குப் போதும்: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 7.1-க்கு இருபது மீட்டர், பக்கத்துக்குப் பத்து. 14.2-க்குப் பத்து மீட்டர், பக்கத்துக்கு ஐந்து. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஒற்றை இழைப்பின்னல் ஒயர் போதும். மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதால் கணக்கைவிடச் சற்றுக் குறைவான நீளத்தில் வந்து நிற்கும், அவ்வளவே. நடுவில் கோஆக்ஸ் கேபிள். முனைகளில் கயிறு கட்ட பி.வி.சி. பைப் துண்டு.

இப்போது அந்தப் பத்து மீட்டர் கை ஒவ்வொன்றையும் ஐந்தாவது மீட்டரில் வெட்டி, இடையில் ஒரு சின்னப் பைப் துண்டைக் கட்டி, ஒரு கிளிப் வையுங்கள். கிளிப்பை மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. கழற்றினால் 14. லிங்க் டைபோல் என்பார்கள். ட்யூனர் வேண்டாம், சுருள் வேண்டாம், சூடாகி வீணாக எதுவும் இல்லை. இரண்டு பேண்டிலும் முழு அளவு ஆன்டெனா! பேண்ட் மாற்ற எழுந்துபோய்க் கிளிப்பைத் தொட வேண்டும் என்பது ஒரு குறை என்கிறார்கள். மலையில் அது குறையா? காலை நீட்டிக்கொள்ள ஒரு சாக்கு.

இதை நிறுத்த ஒரே ஒரு உயர்ந்த புள்ளி போதும். நடுவை மேலே தூக்கி, இரண்டு கைகளையும் கீழே சரித்துக் கட்டினால் தலைகீழ் 'வி'. நான் கொண்டுபோவது ஏழு மீட்டருக்கு நீளும் ஃபைபர் கிளாஸ் தூண்டில் கம்பு. அது இல்லாத நாட்களில் மூங்கில். ஏற்காட்டில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் வானத்துக்கு நிற்கின்றன. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலில் கயிறு கட்டிக் கிளைக்கு மேல் வீசினால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம் இலவசம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அந்த மரம் வேண்டாம், எத்தனை அழகாக இருந்தாலும். இடி முழங்கினால் மூட்டை கட்டிவிட வேண்டும்.

தாழ்வாக இருக்கிறதே என்று ஏங்க வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வான டைபோல் சிக்னலைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது அயன மண்டலத்தில் பட்டு நம் தலையைச் சுற்றி சில நூறு கிலோமீட்டருக்குப் பூமழையாக இறங்கும். காலை நேரத்தில் கேரளம், பெங்களூர், ஆந்திரா, இலங்கை எல்லாம் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். இருட்டிய பிறகு அதே பேண்ட் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளும். 14-க்கு மாறினால் பிற்பகலிலும் மாலையிலும் ஐரோப்பா.

ஓர் எச்சரிக்கை வேண்டுமானால் இதுதான்: ஒயரை வெட்டாதீர்கள், மடியுங்கள். கொஞ்சம் நீளமாகவே விட்டு, நானோ வி.என்.ஏ.யில் பாருங்கள். உள்ளங்கையளவு கருவி, ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த வேலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறோம். திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். கோடு (ஆன்டெனா திருப்பி அனுப்பும் சக்தியைக் காட்டும் அளவு) பள்ளத்தாக்கு மாதிரி இறங்கும். பள்ளம் 6.9-ல் விழுந்தால் கம்பி நீளம். இரு கையிலும் பத்து சென்டிமீட்டர் மடித்துக் கட்டினால் பள்ளம் ஏறத்தாழ 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். அது நகர்வதைக் கண்ணால் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே சிலமுறை காரணமில்லாமல் மடித்திருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று என்று பள்ளம் தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்று தவம் கிடக்கவும் வேண்டாம். 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 சதவீதம். 2 என்றால் 11 சதவீதம். யாருடைய காதுக்கும் அது தெரியாது.

ஒற்றை முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பிக்கும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. இருபது மீட்டர் கம்பியின் ஒரு முனையை மரத்தில் ஏற்றி, மறு முனையைக் கைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளலாம். அந்த முனையில் மின்தடை இரண்டாயிரம் ஓமுக்கு மேல் என்பதால் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்று ஒரு பக்கம், பதினான்கு சுற்று மறுபக்கம். 7, 14, 21, 28 என நாலு பேண்டிலும் பாடும். கிளிப் கழற்றும் வேலை இல்லை. உச்சி ஒடுக்கமாக, ஒரே மரம் மட்டும் இருக்கும் இடத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஆனாலும் புதியவருக்கு முதலில் டைபோலைத்தான் சொல்வேன். டிரான்ஸ்ஃபார்மர் வளையம் கொஞ்சம் சக்தியைச் சூடாக்கித் தின்னும். கோஆக்ஸின் உறையே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகி, மைக்கைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதும் புதியவருக்குக் கஷ்டம். கம்பியின் முனையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் கட்டுங்கள். 5 வாட்டிலேயே அங்கே நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

கோஆக்ஸுக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். பத்து மீட்டர் ஆர்.ஜி.58 நானூறு கிராம் கனக்கும். 14 மெகாஹெர்ட்ஸில் அரை டெசிபல் போகும். மெல்லிய ஆர்.ஜி.174 அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், இழப்பு இரண்டு மடங்குக்கும் மேல். நடைதூரம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மெல்லிய கேபிளை 145 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் பத்து மீட்டருக்குள் பாதிக்கு மேல் காலி.

145 என்றதும் ஞாபகம் வருகிறது. கையடக்க வாக்கி மட்டும் வைத்திருக்கும் புதியவர்கள் இதையெல்லாம் படித்து ஏங்க வேண்டாம். அந்த வாக்கியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாதான் அதன் எதிரி. 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனா அடியில் உலோக வளையத்தோடு இணைத்துக் கீழே தொங்கவிடுங்கள். எட்டாத ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) எட்டும். இன்னும் ஆசை இருந்தால் அமெரிக்காவின் ஜோ லெஜியோ வடிவமைத்த டேப் யாகி: பி.வி.சி. பைப்பில் இரும்பு அளவு டேப்பை வெட்டி மூன்று வரிசையாக மாட்ட வேண்டும், பின்னால் 105 சென்டிமீட்டர், முன்னால் 89. புதரில் பட்டால் வளையும், விட்டால் நிமிரும். ஒரு பிற்பகல் வேலை. அதைக் கையில் பிடித்து, தலைக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைத் துரத்தினேன். 145.800 மெகாஹெர்ட்ஸ். அடிவானத்திலிருந்து மெல்ல எழுந்து, டேப்பைத் திருப்பத் திருப்ப சிக்னல் கூடவே வந்தது. பத்து நிமிடத்தில் மறுபக்கம் இறங்கிவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா, நான் வானத்தோடு சண்டை போடுகிறேன் என்று நினைத்தாராம்.

ஏற்காட்டில் டீக்கடைக்காரர் இன்னும் நேராகக் கேட்டார். "ஏனுங்க தம்பி, மரத்துல கம்பி கட்டறீங்களே, கேபிள் டிவிங்களா?" விளக்கினேன். நம்பவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் விட்டேன். இத்தாலிக்காரர் ஒருவர் என் அழைப்புக் குறியீட்டை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இதுலயா?" என்றார். "இதுலதாங்க." "கரன்டு போனா என் கடை லைட்டுக்கு ஆகுங்களா?" ஆகும் என்றேன். அதன்பிறகு என்னைவிட அந்தப் பேட்டரி மேல்தான் அவருக்கு மரியாதை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போதெல்லாம் எனக்கு அங்கே காசில்லாத டீ.

எல்லோரும் அவரைப் போல இருக்கமாட்டார்கள். மரத்தில் கம்பியும் காதில் ஹெட்போனும் கண்டால் சந்தேகம் வருவது இயல்பு. உரிமத்தின் நகல் பையில் இருக்கட்டும், கேட்கும் முன்பே சிரித்துக்கொண்டு நீட்டுங்கள். வனத்துறை இடமென்றால் அனுமதி வாங்காமல் உள்ளே போகவே வேண்டாம்.

அந்த இத்தாலிக்காரரோடு பேச்சு எப்படிப் போயிற்று என்று சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. எத்தனை வாட் என்றார். ஐந்து என்றேன். "ஓ.எம்., இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார் (ஹாம்கள் ஒருவரையொருவர் அழைப்பது அப்படித்தான்). சொன்னேன். ஆன்டெனா? ஏழு மீட்டர் தூண்டில் கம்பில் டைபோல். அவ்வளவுதான், மனிதர் உற்சாகத்தில் கொதித்துவிட்டார். எந்த ஒயர், கிளிப் எப்படிக் கட்டினேன், நடுவில் பலுன் உண்டா (கோஆக்ஸையே ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்) என்று வானிலை, வயது எதையும் கேட்காமல் பைப் துண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பேண்ட் மங்கி அவர் குரல் அடியில் போகும்வரை.

சூரியனின் 25ஆம் சுழற்சி 2024-ல் உச்சத்தைத் தொட்டது. அதன் புண்ணியத்தில் 28 மெகாஹெர்ட்ஸ் இன்னும் பகலில் திறந்துகொள்கிறது. திறந்தால் ஐந்து வாட்டுக்கும் ஐந்நூறு வாட்டுக்கும் அங்கே வித்தியாசமே தெரியாது. அந்தப் பேண்டுக்கு டைபோலின் ஒரு கை இரண்டரை மீட்டர்தான். ஏற்கெனவே ஐந்து மீட்டரில் கிளிப் வைத்த கம்பியில் நடுவே இன்னொரு கிளிப் வைத்தால் வேலை முடிந்தது. நான் நேற்றே வைத்துவிட்டேன்.